நிதி ஆதாரங்களுக்கு உட்பட்டு

முகிலனுக்கு,

நீயும் அப்பாவும் பாண்டி பஜாருக்குக் கிளம்பி அரை மணி நேரம்தான் ஆகிறது. டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டர், ஷூ, சக்கரம் வைத்த ஒரு நல்ல பெட்டி என்று பட்டியல் போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அப்பாவின் பேரம், இரண்டும் சேர்ந்தால் நீங்கள் ராஜா அண்ணாமலைபுரம் திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்து உன் சான்றிதழ் உறைக்குள் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லலாம் என்று வியாழக்கிழமையிலிருந்து மூன்று முறை உன் அறை வாசல் வரை வந்தேன். ஒவ்வொரு முறையும் துவைக்கத் துணி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கத்தில் இருந்தவளுக்கு எழுதித்தான் பழக்கம், பேசிப் பழக்கமில்லை என்று வைத்துக்கொள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ உன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். மனித உரிமை உடன்படிக்கைகளில் நம் நாடு கையெழுத்திட்டிருக்கிறது. அவற்றை நிறைவேற்ற ஆகும் செலவுக்கு மாநிலங்கள் பணம் கேட்கின்றன. கொடுக்கலாமா, வேண்டாமா என்று குறிப்பு எழுதும் பிரிவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள். சேருவதற்கு முன்பே உன் மேலதிகாரி போன் செய்து முதல் கோப்பு எது என்றும் சொல்லிவிட்டார். அதை எப்படி முடிக்கப் போகிறாய் என்று அப்பா கேட்டார். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "கையெழுத்து போடறது ஒரு துறை, காசு கொடுக்கறது வேற துறைப்பா. 'நிதி ஆதாரங்களுக்கு உட்பட்டு'ன்னு ஒரு வரி எழுதினா போதும், கோப்பு வந்த வழியே திரும்பிப் போயிடும்." நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டாவது தோசையை வேண்டாம் என்று சொன்னதற்குக் கோபம் என்று நீ நினைத்தாய். எனக்குக் கோபமில்லை. என் முகத்தை நீ பார்க்கக் கூடாது என்று போனேன்.

அந்த வரியை நான் எழுதியிருக்கிறேன், முகிலா. வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன்.

நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்த வருடம், நான் ஒரு துறையின் நிதிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறையின் பெயர் இதில் வேண்டாம். தவறு துறையுடையதாக இருந்தாலும் பேனா என் கையில் இருந்தது. பட்ஜெட் வேலை மும்முரமாக நடந்த ஒரு நாள் காலையில் என் மேசைக்கு இரண்டு கோப்புகள் வந்தன. இரண்டும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை பற்றியவை. முதல் கோப்பு, ஜெனீவாவில் இருக்கும் குழுவுக்கு நாடு அனுப்ப வேண்டிய அறிக்கையில் நம் மாநிலத்தின் பகுதியைத் தயாரிப்பதற்கான செலவு. ஹோட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கு, வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகம், அதிகாரி ஒருவரின் விமானப் பயணம். இரண்டாவது கோப்பு, காவல் நிலையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் அழைத்தவுடன் வரக்கூடிய சைகைமொழி பெயர்ப்பாளர்களை நியமிக்கும் கருத்துரு. அதில் கேட்டிருந்த தொகை முதல் கோப்பில் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அது வருடா வருடம் வரும் செலவு. ஒருமுறை ஒப்புக்கொண்டால் என்றைக்கும் தலையில் இருக்கும். அந்த மாதிரிச் செலவைக் கண்டால் நிதிப் பிரிவில் இருப்பவர்களுக்கு உடம்பே விறைத்துக்கொள்ளும். உனக்கும் சீக்கிரம் அது பழகிவிடும்.

முதல் கோப்பில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவதில் இப்படி எழுதினேன்: உடன்படிக்கையை ஏற்றது மத்திய அரசு. அதற்கான செலவை மத்திய அரசு பகிர்ந்துகொள்ளும் வரை மாநிலம் ஏற்க வேண்டியதில்லை. மேலும் இக்கடமை நிதி ஆதாரங்களுக்கு உட்பட்டதே. கருத்துருவைத் திருப்பி அனுப்பலாம். கச்சிதமான குறிப்பு என்று மேலதிகாரி பாராட்டினார். உடன்படிக்கையை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. இருக்கும் ஆதாரங்களை அரசு உச்ச அளவுக்குப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. அந்த 'உச்ச அளவு' என்பதை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். படிப்படியாகச் செய்யலாம் என்று விட்டிருக்கும் கடமைகள் உண்டு, காத்திருக்கவே முடியாத கடமைகளும் உண்டு, நீதிமன்றத்தில் ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்வது இரண்டாவது வகை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று மதியம் தயிர்சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

செல்வியை உனக்குத் தெரியும். அப்பா மேலாளராக இருந்த ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கோடம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ரவியின் மனைவி. அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, தீபாவளிக்கு முந்தைய நெரிசலில், கடைக்கு வந்த ஒரு அம்மாள் தன் கழுத்துச் சங்கிலி காணவில்லை என்றார். கேமராவில் பார்த்தார்கள். புடவைகள் குவிந்து கிடந்த இடத்தில் செல்வி குனிந்து எதையோ எடுத்துத் தாளில் சுற்றுவது தெரிந்தது. போலீஸ் வந்தது. அப்பா சரக்கெடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் அவளைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அங்கே அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் புரியவில்லை. புருஷன் மொழிபெயர்த்தால் செல்லாது என்று ரவியை உள்ளே விடவில்லை. ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குத் தன் பெயரும் எண்களும்தான் எழுத வரும். நான்கு, இரண்டு, ஒன்று, ஆறு என்று எழுதிக் காட்டினாள். சங்கிலியை நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு ரூபாய்க்கு யாரிடமோ விற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டாள் என்று வாக்குமூலம் எழுதி, கீழே அவளிடமே கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் அவள் பெண்கள் சிறையில் இருந்தாள். அவளுக்கு எட்டு மாதத்தில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இருப்பதைக்கூட அவளால் அங்கே சொல்ல முடியவில்லை. கேட்டால் குழந்தையைத் தாயோடு வைத்துக்கொள்ள அனுமதிப்பார்கள். கேட்க அவளுக்கு வாயில்லை, கேட்கலாம் என்று ரவிக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை ரவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வீட்டு வாசலில் நின்றான். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். "அக்கா, கொயந்த புட்டிப்பாலைத் தொட மாட்டேங்குது. ஸ்டேசன்ல கேட்டா, கை பாசை பேசற ஆளு கவருமெண்டுல இல்ல, அதுக்கு இன்னும் சாங்சன் வரலன்றாங்கோ. இன்னா பண்றதுன்னே தெரிலக்கா" என்றான்.

அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீதிமன்றத்தில்தான் தெரிந்தது என்று அப்பாவிடம் பல வருடங்களாகச் சொல்லி வந்தேன். அது பொய். ரவி 'சாங்சன்' என்ற வார்த்தையைச் சொன்னதும் என் கோப்பு, என் குறிப்பு, தேதியோடு கண்முன் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தைக்குச் சங்கில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். வக்கீலுக்குப் போன் செய்தேன். சிறையில் குழந்தையைச் சேர்க்க மனு எழுதிக் கொடுத்தேன். அடையாறில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஒரு டீச்சரைத் தேடிப் பிடித்தேன். எல்லாம் செய்தேன். என்ன எழுதினேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உதவி செய்துகொண்டே இருந்தால் அது அழிந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஐந்தாம் நாள்தான் குழந்தையைச் செல்வியிடம் விட்டார்கள். அதற்குள் அவளுக்குப் பால் கட்டிக் கடுமையான காய்ச்சல். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டதும் அவளுக்குப் புரியவில்லை, அவள் காட்டியதும் அவருக்குப் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் ஜாமீன் மனு வந்தது. நீதிமன்றத்தில் நான் இரண்டாவது பெஞ்சில் ரவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செல்வி கன்னம் ஒட்டிப்போய், குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேசுகிறவர்களின் உதடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை யார் மொழிபெயர்த்தார்கள் என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார். இன்ஸ்பெக்டர் ஒரு கடிதத்தை நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் கேட்டதற்குத் துறையிலிருந்து வந்த பதில் அது. எழுத்தர் அதை வாங்கி உரக்கப் படித்தார். உடன்படிக்கையை ஏற்றது மத்திய அரசு என்று தொடங்கியது. என் வாக்கியங்கள், முகிலா. நான் போட்ட காற்புள்ளிகள்கூட அவர் குரலில் கேட்டன. நிதி ஆதாரங்களுக்கு உட்பட்டதே என்று அவர் முடித்தபோது ரவி என் பக்கம் குனிந்து, "இன்னாக்கா சொல்றாங்கோ?" என்று கேட்டான். நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

டீச்சர் எழுந்து தான் மொழிபெயர்க்கலாமா என்று கேட்டார். அரசு வக்கீல் தடுத்தார். அவர் அரசு அங்கீகரித்தவர் இல்லை என்றார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அங்கீகரிச்சவங்க ஒருத்தர் இருந்தா கூப்பிடுங்க, நான் காத்திருக்கேன்" என்றார். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பிறகு டீச்சரை முன்னால் வரச் சொன்னார். செல்வியின் கைகள் ஒன்பது நாளைக்குப் பிறகு ஒரு மனுஷியைப் பார்த்துப் பேசின. பார்த்துக்கொண்டே வந்த டீச்சர் நடுவில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவள் சொன்னதைச் சொன்னார். சங்கிலி புடவை முந்தானையில் சிக்கியிருந்தது. அந்த அம்மாளே ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த புடவை அது. திரும்ப வாங்க வரும்போது புடவையோடு கிடைக்கட்டும் என்று செல்வி சங்கிலியைத் தாளில் சுற்றி அந்தப் புடவைப் பையிலேயே போட்டுவிட்டாள். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு என்பது பையில் குத்தியிருந்த பில்லின் எண்.

மாஜிஸ்திரேட் ஒரு சப்-இன்ஸ்பெக்டரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, வழக்கை மதியத்துக்கு ஒத்திவைத்தார். தீபாவளிக்கு நான்கு நாள்தான் இருந்தது. கடை இருக்கும் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. மூன்றாவது மாடியில் தைக்க வந்த பைகள் கூரை வரை குவிந்து கிடக்கும். அதில் எவ்வளவோ திருப்பிக் கொடுத்தாகியிருக்கும், எவ்வளவோ குடோனுக்குப் போயிருக்கும். அப்பாவுக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் நானும் ரவியும் நின்றோம். பை இல்லாமல் போயிருந்தால் அவள் சொன்னதை யாரும் நம்பப் போவதில்லை. ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. ரவி வாங்கிவந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டான். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பாவின் போன் வந்தது. எடுத்தால் முதலில் கடையின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு அப்பா, "இருக்கு. போலீஸ்காரர் கையில இருக்கு" என்றார். நான் சொல்வதற்கு முன்பே ரவி என் முகத்தைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை அவள் வெளியே வந்தாள். சில மாதம் கழித்து மேல் நீதிமன்றம் அவளுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்றது. அந்தக் கோப்பும் என் பிரிவு வழியாகத்தான் போயிற்று என்று என் இடத்துக்கு வந்தவர் பிறகு சொன்னார். நிதி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீதிமன்ற உத்தரவுக்குப் பணம் கொடுக்க ஏற்கெனவே ஒரு கணக்குத் தலைப்பு இருக்கிறது. ஒரே வாரத்தில் பணம் கொடுக்க ஒப்புதல் ஆனது. ஒருத்தியைச் சிறையில் போட்டதற்குக் கொடுக்க அரசாங்கத்திடம் பணம் இருந்தது. போடாமல் இருப்பதற்குத்தான் இல்லை. இரண்டும் ஒரே பெட்டிப் பணம். இந்த ஊரில் புடவை வாங்குகிறவர்களும் ஷேர் ஆட்டோவுக்கு டீசல் போடுகிறவர்களும் வரியாகக் கட்டிய பணம். அதில் ரவியுடையதும் உண்டு.

இனி உனக்கு நான் சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறேன். நீதிமன்றத்திலிருந்து வந்த மறுநாளே நான் என் தவறை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மேலதிகாரியிடம் வாயால் மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. "கோர்ட்ல உங்க பேரு வரலைம்மா, துறை பேருதான் வந்துது. பையன் ப்ளஸ் டூ படிக்கிறான். நீங்களா எதுக்குப் போய்த் தலையைக் கொடுக்கறீங்க?" என்றார். அது எனக்கு வசதியாக இருந்தது. இரண்டு மாதம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன். பொங்கல் முடிந்து அலுவலகம் போனபோது அச்சகத்திலிருந்து அறிக்கைப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். காது கேளாதவர்களுக்கு எல்லாக் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் மொழிபெயர்ப்பு வசதி உறுதி செய்யப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிரிக்கும் பெண்கள் சிலரின் வண்ணப்படம். அதை அச்சடிக்கப் பணம் கொடுத்ததும் நான், அது பொய்யாகக் காரணமும் நான். அன்றே குறிப்பு எழுதினேன். முந்தைய குறிப்பு என்னுடையது, அது தவறு, உடன்படிக்கையை முழுதாகப் படிக்காமல் எழுதினேன் என்று எழுதி, மாஜிஸ்திரேட்டின் உத்தரவையும் அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் பின்னால் சேர்த்து மேலே அனுப்பினேன்.

பத்து நாளில் என்னை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்று உன்னிடம் சொன்னேன். பதவியும் உயரவில்லை, ஒன்றும் உயரவில்லை. உன் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அப்பா கடையிலிருந்து வர நேரமாகும். நீ ரொட்டியும் ஜாமும் தின்றுகொண்டு படித்தாய். கேட்ட கல்லூரி கிடைக்காமல் போனபோது போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை: "உனக்குப் பதவிதாம்மா முக்கியமா போச்சு." பதில் சொல்ல என்னிடம் ஒரே ஒரு உண்மை இருந்தது. அதைச் சொன்னால் அதற்கு முந்தைய கதையையும் சொல்ல வேண்டும். அதனால் போனை வைத்துவிட்டேன். நான் செய்தது தியாகம் என்று நினைத்துவிடாதே. காலையில் எழுதியிருக்க வேண்டியதை மாலையில் எழுதினேன், அதற்கான விலையில் ஒரு பங்கை உன்னைக் கொடுக்க வைத்தேன். அவ்வளவுதான். அடுத்த பட்ஜெட்டில் சென்னைக்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் மட்டும் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சிறிய ஒதுக்கீடு வந்தது. அறிக்கை திருத்தப்படாமலே போயிற்று.

உனக்கு நான் அறிவுரை சொல்லும் தகுதியில் இல்லை. ஆனால் நிதிப் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கேட்ட பணத்தையெல்லாம் தூக்கிக் கொடு என்று நான் சொல்லவில்லை. பணம் நிஜமாகவே குறைவுதான், கேட்கிறவர்களில் பொய் சொல்கிறவர்களும் உண்டு. மறுக்க வேண்டி வந்தால் மறு. ஆனால் அந்தப் பணம் வராவிட்டால் எந்த அறையில், எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார் என்று விசாரித்து, அதையும் அதே குறிப்பில் எழுதிவிட்டு மறு. யாருடைய செலவு என்று டெல்லியும் சென்னையும் சண்டை போடலாம். சண்டை முடியும் வரை முன்பணமாக யாராவது கொடுக்கட்டும் என்று எழுத ஒரு வழி எப்போதும் இருக்கும். நான் தேடவில்லை. உன் முதல் கோப்பு என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. நீ என்ன எழுதினாய் என்றும் கேட்க மாட்டேன். உன் கை, உன் பேனா.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று நான் மயிலாப்பூருக்குக் காய்கறி வாங்கப் போகவில்லை. கோடம்பாக்கத்துக்குப் போனேன். செல்வி இப்போது வீட்டிலேயே இரண்டு தையல் மிஷின் போட்டிருக்கிறாள். இத்தனை வருடங்களாக நான் அவர்களுக்கு உதவி செய்த அக்காவாகவே இருந்துவிட்டேன். தீபாவளிக்கு இனிப்பு வரும், நானும் வாங்கிக்கொள்வேன். நேற்று அவள் எதிரில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அதை அவளுக்குச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்த ரவி பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். முழுசாச் சொல்லு ரவி என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லி முடித்தான். செல்வி ஊசியில் நூலைக் கோத்தாள். வெளியே போ என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை கையைப் பிடித்துக்கொள்வாள் என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. அவள் ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். "அதும் மாதிரி இன்னும் எத்தினி பேருன்னு கேக்குதுக்கா" என்றான் ரவி. "நீ எய்தினதால எத்தினி பேரு உள்ள போனாங்கன்னு."

எனக்குத் தெரியாது. அதை எண்ணச் சொல்லி ஒருவரும் எனக்குக் கோப்பு அனுப்பவில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அதை ரவி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா